படகில் ஒரு கதவு

மூன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. இதழ் அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருந்தது.

"சார், மூணாவது நாடகம் மட்டும் சரியா வரல," என்றார் இதழாசிரியை.

நாடக அரங்கம் மாதம் ஒருமுறை நான்கு பக்க இதழ் ஒன்றை வெளியிட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் நாடகாசிரியர் ஒருவர், தம் காலத்தில் எழுதுகிற மற்றவர்களின் நாடகங்களில் மூன்றைப் பரிந்துரைக்க வேண்டும். சொந்த நாடகம் கூடாது. இறந்தவர்களின் நாடகமும் கூடாது. இரண்டாவது விதி பின்னால் சேர்த்தது. முதல் மாதம் எல்லோரும் இறந்தவர்களையே பாராட்டினார்கள்.

இந்த மாதம் மீசையின் முறை. மீசையை அவர் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

"என்ன சரியா வரல?"

"'தவறாமல் பார்க்க வேண்டிய நாடகம்'னு மட்டும் எழுதியிருக்கீங்க. போன மாசம் ஒருத்தர் இதையே இன்னும் மேடையேறாத நாடகத்துக்கு எழுதிட்டார். குறிப்பா ஒரு காட்சி சொல்லுங்க சார்."

மீசை சுவரைப் பார்த்தார். முதல் இரண்டு நாடகங்களையும் முறையாகப் பார்த்து முறையாகப் பாராட்டியிருந்தார். மூன்றாவது நெட்டை எழுதியது. 'இன்னும் கொஞ்சம் தூரம்'. ஆறு வாரமாக நடக்கிறது. மீசை இரண்டு முறை டிக்கெட் கவுன்டர் வரை போயிருந்தார். முதல் முறை மணி கேட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

நெட்டையும் அவரும் இருபத்திரண்டு வருடமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எவர் நாடகம் எழுதி முடித்தாலும் முதலில் மற்றவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில், சத்தமாக. கேட்பவர் கடைசிப் பக்கம் வரை வாய் திறக்கக் கூடாது. டீ குடிக்கலாம்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு பகல் நெட்டை காகிதக் கட்டோடு வந்து கதவைத் தட்டினார். அன்று காலைதான் மீசையின் நாடகம் மூன்றாவது குழுவிடமிருந்தும் திரும்பி வந்திருந்தது. இன்னொருவர் முடித்த நாடகத்தைக் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. அவர் கதவைத் திறக்கவில்லை.

நெட்டை வெகுநேரம் தட்டினார். பிறகு போய்விட்டார்.

வீட்டில் ஆள் இல்லை என்றுதான் நெட்டை நினைத்திருப்பார் என மீசை நம்பினார். அப்படியானால் அவர் ஏன் மறுபடி வரவில்லை என்ற கேள்வியிடம் மட்டும் போகாமல் இருந்தார்.

நேரில் சொல்ல முடியாததை அச்சில் சொல்லிவிடலாம் என்றுதான் மூன்றாவதாக அந்த நாடகத்தை எழுதியிருந்தார். சுவரொட்டியை மட்டும் பார்த்திருந்தார். இரண்டு நாற்காலி, இரண்டு ஆண்கள். அறை ஒன்றாக இருக்க வேண்டும். அறை என்றால் கதவு இருக்கும்.

"சார், இருக்கீங்களா?"

"எழுதிக்கோங்க," என்றார் மீசை. "மூன்றாம் காட்சியில் ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே ஆள் இருக்கிறார். ஆனால் எழுந்து திறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இந்த நாடகத்தைப் பார்க்கலாம்."

மறுமுனையில் எழுதும் சத்தம் நின்றது.

"புல்லரிக்குது சார்," என்றார் இதழாசிரியை.

*

மீசையின் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வியாழன் மாலை விடைத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"எங்க டிராயிங் டீச்சர் நெட்டை அண்ணன் நாடகத்துக்குப் போயிருந்தாங்களாம்."

"நல்லா இருந்துச்சாமா?"

"நல்லா இருந்துச்சாம். கதவு எங்கன்னு கேட்டாங்க."

"மூணாவது காட்சியில."

"அது படகுல நடக்குதுங்க."

"எது?"

"நாடகம். மொத்தமும். ரெண்டு பேர், ஒரு படகு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நடு ஆத்துல."

"சுவரொட்டியில நாற்காலி இருக்கே."

"படகு செஞ்சு முடிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவாம்."

மீசை உட்கார்ந்தார்.

"படகுல கதவு இருக்காதா? சில படகுல இருக்கும்."

"துடுப்பு போடற படகுங்க. அதுக்கு எதுக்குக் கதவு? ஆத்துல போறவங்க தட்டிட்டு உள்ள வரதுக்கா?"

மனைவி சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க பாக்கவே இல்ல, இல்லையா?"

"ரெண்டு தடவை போனேன்."

"உள்ள?"

"வாசல் வரைக்கும்."

"மொத வரியில தப்பு பண்ணிட்டா, கீழ எத்தனை வரி சரியாப் போட்டாலும் விடை வராதுங்க. நேராப் போய் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. பாக்கல, மன்னிச்சிடுன்னு."

"சொல்றேன்."

அவர் நெட்டைக்குப் போன் செய்யவில்லை. இதழாசிரியைக்குச் செய்தார்.

"அந்தக் கதவு வரிய எடுத்துடலாமாம்மா?"

"நானூறு பிரதியும் போயாச்சே சார். அரங்கத்து வாசல்ல பலகையில வேற எழுதி வச்சிருக்கோம். இவ்வளவு பெரிய எழுத்துல."

எவ்வளவு பெரியது என்பது போனில் தெரியவில்லை. ஆனாலும் மீசைக்கு வியர்த்தது.

"அதுல ஒரு சின்னத் தப்பு."

"என்ன சார்?"

பாக்கல என்பது ஒரே சொல். அது வரவில்லை.

"காட்சி எண்," என்றார்.

"அவ்வளவுதானா! எத்தனாவது காட்சி?"

கடைசிக்குத் தள்ளிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

"அஞ்சு."

*

சனிக்கிழமை காலை பலகையைப் பார்க்கப் போனார். அது அவர் உயரம் இருந்தது. 'மூன்றாம்' என்பதை அடித்து, மேலே சிவப்பில் 'ஐந்தாம்' என்று எழுதியிருந்தார்கள். அடித்து எழுதியதால் இப்போது எல்லோரும் நின்று படித்தார்கள்.

டிக்கெட் கவுன்டர்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார்.

"வாங்க சார், வாங்க! ஆறு வாரமா ஈ ஓட்டிட்டு இருந்தோம். இப்ப பாருங்க, நிக்க எடமில்ல. எல்லாரும் கதவப் பாக்கத்தான் வராங்க."

"பாத்துட்டு என்ன சொல்றாங்க?"

"அதுல ஒரு சின்னச் சிக்கல் சார். நாடகத்துல மொத்தம் நாலு காட்சிதான்."

மீசை பலகையின் பக்கம் திரும்பினார்.

"நேத்து நாலும் முடிஞ்சு விளக்கு போட்டாச்சு. ஒருத்தரும் எழுந்திருக்கல. அஞ்சாவது வரும்னு உக்காந்திருக்காங்க. கடைசியில நான்தான் மேடையேறி, 'முடிஞ்சுதுங்க, வீட்டுக்குப் போங்க'ன்னேன்."

"போனாங்களா?"

"அதையும் வசனம்னு நெனச்சுக் கைதட்டினாங்க சார்."

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அவர் மேடையேறியது அதுதான் முதல் முறை.

அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். மீசை கவுன்டரில் ஒரு தாள் வாங்கி எழுதினார். 'கதவு கண்ணால் பார்ப்பதற்கு அல்ல.' படித்துப் பார்த்தார். இனி யாரும் தேட மாட்டார்கள். கவுன்டர்காரர் அதை வாங்கி, பலகையின் அடியில் அதே சிவப்பில் எழுதினார்.

திங்கட்கிழமை ஒரு கல்லூரிப் பேராசிரியர் முப்பத்திரண்டு மாணவர்களோடு வந்தார். நாடகம் முடிந்து அவர்கள் வாசலில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கதவு படகின் இடப்பக்கம் இருந்தது என்றது ஒரு கட்சி. படகே கதவு என்றது மற்றொன்று. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, தான் அதன் கீல் சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லி அழுதுவிட்டாள். பேராசிரியர் இரு தரப்புக்கும் தலையாட்டினார். மறுநாள் அவருடைய கட்டுரை ஒன்று செய்தித்தாளில் வந்தது. 'இல்லாத கதவின் இருப்பு'.

மனைவி அதைக் காலை டீயோடு படித்தார்.

"என்னங்க இது, உங்க தப்புக்கு அடிக்குறிப்பு எல்லாம் போட்டிருக்காங்க."

"சிரிக்காத."

"இன்னொண்ணு தெரியுமா? நேத்து ஆட்டத்துல ஒரு நடிகர் துடுப்ப வச்சிட்டு, படகுப் பலகைய மூணு தடவை தட்டினாராம். டிராயிங் டீச்சர் ரெண்டாவது தடவை போயிருந்தாங்க. அப்படியொரு கைதட்டலாம்."

"நெட்டை என்ன சொன்னானாம்?"

"ஒண்ணும் சொல்லலையாம். மேடைக்கு ஓரமா நின்னு பாத்துட்டே இருந்தாராம்."

மீசை எழுந்து போய் டீ டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினார்.

"என் பேச்சக் கேக்க ஒருத்தனும் வராத காலத்துல, அவன் ஒருத்தன்தான் உக்காந்து கேட்டான்," என்றார். "நாலு மணி நேர நாடகம். ஒரு கொட்டாவி விடல. அவன் நாடகத்தப் போய்க் கெடுத்து வச்சிருக்கேன்."

மனைவி செய்தித்தாளை மடித்தார். சிரிப்பு போயிருந்தது.

"போன் அங்கதான் இருக்கு," என்றார்.

*

அவர் எடுப்பதற்கு முன் அது அடித்தது.

"மீசை."

பதினான்கு மாதம். குரல் அப்படியே இருந்தது.

"நெட்டை."

மீசை போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நாடகம் பாத்தியாம்."

"ஆமா."

சொல்லி முடித்தபோதே தெரிந்தது. எழுதியதுகூடப் பொய்தான். ஆனால் அது தாளிடம் சொன்னது; இது நெட்டையிடம்.

"என்னைக்கு வந்த?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை ஆட்டம் கெடையாதே."

"புதன். புதன்தான்."

"ம். எங்க உக்காந்த?"

"பின்னாடி. தூண் பக்கத்துல."

"அங்கேர்ந்து பாத்தா படகு பாதிதான்டா தெரியும்."

"பாதியே அருமையா இருந்துச்சு."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. இருமலா வேறெதுவா என்று மீசைக்குத் தெரியவில்லை.

"நெட்டை, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சனிக்கிழமை சொல்லு. முன் வரிசையில ரெண்டு சீட்டு வச்சிருக்கேன். டீச்சரையும் கூட்டிட்டு வா. கதவு போடறேன்."

"எதுல?"

"மேடையிலதான். வேற எதுல போடுவாங்க?"

"வேணாம்டா. எனக்காக எதையும் மாத்தாத."

"உனக்காகத்தான்டா மாத்தினேன்," என்றார் நெட்டை. போனை வைத்துவிட்டார்.

மாற்றியாயிற்று. மீசை கணக்குப் போட்டார். இன்று செவ்வாய். அவர் உளறிய இரண்டு நிமிடத்துக்காக ஒரு மனுஷன் முடிந்த நாடகத்தைப் பிரித்து, காட்சி எழுதி, நடிகர்களுக்குப் பாடம் சொல்லி, தச்சரைக் கூப்பிட்டுக் கதவு செய்ய வேண்டும். நாலே நாளில். ஆற்றின் நடுவில்.

"பாக்கலன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"பாதி தெரிஞ்சுதுன்னு சொன்னேன்."

மனைவி அவரைப் பார்த்த மாதிரி எந்த விடைத்தாளையும் பார்த்ததில்லை.

*

சனிக்கிழமை ஆறரைக்கு விளக்கு அணைந்தது.

படகு அழகாக இருந்தது. இரண்டு பேர் அதில் எதிரெதிரே உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்பதைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். மீசை மூன்று இடத்தில் சத்தமாகச் சிரித்தார். ஒரு இடத்தில் சிரிப்பதற்கு முன்பே சிரிப்பு வரும் என்று தெரிந்தது. நெட்டை எங்கே மூச்சு விடுவார், எங்கே வாக்கியத்தை ஒடிப்பார் என்பது இருபத்திரண்டு வருடப் பாடம். சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்க வேண்டிய நாடகம் இது. அவர்தான் கேட்காமல் விட்டார்.

மூன்றாம் காட்சியில் படகு கரை ஒதுங்கியது. பின்வரிசையில் யாரோ "வந்துடுச்சு" என்றார்கள்.

மேடையின் வலப்பக்கம் வெளிச்சம் வந்தது. ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் இரண்டாவது நடிகர். முதல் நடிகர் கக்கத்தில் காகிதக் கட்டோடு படகிலிருந்து இறங்கி நடந்தார். தட்டினார்.

உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கினார்.

மறுபடி தட்டினார்.

உள்ளே இருந்தவர் மெல்ல எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை. கால் விரல்களில் நடந்து சுவர் ஓரம் போய், ஸ்விட்சை அமுக்கினார். அதுவரை கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. அவர் திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

வெளியே இருந்தவர், மின்விசிறிச் சத்தம் நிற்பதைக் கேட்டார். தட்டுவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

மின்விசிறியைப் பற்றி மீசை இதழில் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. ஆள் இல்லை என்று காட்டுவதற்காக அன்று அவரே நிறுத்தியது. நிறுத்தியதுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

மனைவியின் கை இருட்டில் அவர் கையைத் தேடி வந்தது.

"ஃபேனையுமா நிறுத்தினீங்க?" என்று காதருகே கேட்டார்.

மீசை ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அட மனுஷா," என்றார் மனைவி. கையை விடவில்லை.

மேடையில் இரண்டு நிமிடம் முழுதாக ஓடியது. அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. பிறகு வெளியே இருந்த நடிகர் கதவில் நெற்றியைச் சாய்த்தார்.

"பரவாயில்ல," என்றார், கதவிடம். "நான் இன்னொரு நாள் வரேன்."

காகிதக் கட்டோடு படகுக்குத் திரும்பி நடந்தார்.

மீசை கண்ணைத் துடைக்க முயலவில்லை. நெட்டைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இவர் உளறிய வரியைப் பிடித்து நாலே நாளில் இதை எழுதிவிட்டார். முன் வரிசையில் உட்கார வைத்து, நூறு பேர் நடுவில், நீ செய்ததைப் பார் என்கிறார். நியாயம்தான். பழிவாங்கல் என்றே வைத்துக்கொண்டாலும், இருபத்திரண்டு வருடத்தில் நெட்டை எழுதிய மிகச் சிறந்த இரண்டு நிமிடம் அது. இதை அவரிடம் சொல்ல வேண்டும். முதலில் மன்னிப்பு. அப்புறம் இது.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிக்கெட் கவுன்டர்காரர், மேடையேற வேண்டி வருமோ என்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். தேவைப்படவில்லை.

*

மேடைக்குப் பின்னால் நெட்டையைப் பேராசிரியரும் மாணவர்களும் சூழ்ந்திருந்தார்கள். அத்தனை தலைக்கும் மேலே நெட்டையின் தலை தனியாகத் தெரிந்தது. அது மீசையைப் பார்த்தது. நெட்டை ஒரு கையைத் தூக்கினார். இரு, போய்விடாதே என்பது போல.

"போங்க," என்றார் மனைவி.

"கூட்டம் கொறையட்டும்."

"மறுபடியுமா?"

"சத்தியமாப் போறேன். ரெண்டு நிமிஷம்."

நிற்பதற்கு ஏதாவது காரணம் வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தார். தச்சர் தரையில் உட்கார்ந்து, கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காதில் பென்சில். மீசை அவர் பக்கத்தில் குனிந்தார். பெரிய மன்னிப்புக்கு முன்னால் ஒரு சின்ன மன்னிப்பைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"உங்ககிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணுங்க," என்றார். "நான் பாக்காத காட்சியப் பாத்ததா எழுதிட்டேன். அதனாலதான் இத்தனையும். நாலே நாள்ல கதவு செய்ய வச்சிட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

தச்சர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"நாலு நாளா? இது மொத ஒத்திகைக்கே செஞ்ச கதவாச்சே சார். இந்தக் காட்சியும் அப்பவே இருந்துச்சு, ஃபேன் உட்பட. நாடகம் தொடங்க ரெண்டு நாள் இருக்கறப்ப நெட்டை சார்தான், 'எடுத்துடுங்க, அவன் வந்து பாத்தா மனசொடிஞ்சு போயிடுவான்'னு எடுக்க வச்சாரு. அப்புறம் தெனமும் ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி திரை ஓட்டை வழியா, அவன் வந்திருக்கானான்னு பாப்பாரு. இந்தச் செவ்வாக்கெழமைதான் சிரிச்சுக்கிட்டே வந்து, 'அவனே கேட்டுட்டான், கதவ மாட்டுங்க'ன்னாரு. யாரு சார் அந்த 'அவன்'?"